இணையப் பாடத்துக்குக் கருத்துப் படிவம் அமைப்பது எப்படி?

இணையத்தில் பாடம் நடத்துகிறவர்கள் பலருக்கும் கருத்துப் படிவம் கடைசி நாளில்தான் நினைவுக்கு வருகிறது. பாடம் முடிந்திருக்கும், சான்றிதழ் தயாராக இருக்கும், “அப்படியே ஒரு ஃபீட்பேக் ஃபார்ம் போட்டுவிடுங்கள்” என்று யாராவது சொல்வார்கள். பழைய படிவம் ஒன்றைத் தேடியெடுத்துத் தலைப்பை மாற்றிப் போடுவோம். “பயிற்சி எப்படி இருந்தது?” என்று கேட்டால் “எல்லாம் நல்லா இருந்துச்சுங்க சார்” என்று பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த முறை எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று ஒன்றும் தெரியாது.

நான் கோத்தகிரியில் இருந்துகொண்டு, சிறு தேயிலை விவசாயிகளுக்கான இணையப் பாடங்களை மூடில் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஏற்றிப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் தேயிலையிலிருந்தே வரும். பழனி மலையில் மலைப்பூண்டுக்கோ காப்பிக்கோ பாடம் நடத்துகிறவர்கள் பயிரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு அடிப்படை. வினாடி வினா வைத்தால் படிக்கிறவருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவரும். கருத்துப் படிவம் வைப்பது நம் பாடத்தில் எங்கே இடறுகிறது என்று தெரிந்துகொள்ள. அதனால் இதில் மதிப்பெண் கிடையாது, சரியான விடை என்றும் எதுவும் கிடையாது. இதைப் படிவத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தளத்தில் வருகிற எல்லாவற்றையும் தேர்வு என்றே நினைத்து, ‘சரியான’ பதிலைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூடிலில் எதைப் பயன்படுத்துவது?

மூடில் என்பது ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். முதல் பதிப்பு 2002இல் வந்தது. இதில் கருத்துக் கேட்க மூன்று கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். ‘சாய்ஸ்’ ஒரே ஒரு கேள்விக்கு. “நேரலை வகுப்பைக் காலையில் வைக்கலாமா, இரவு எட்டு மணிக்கு வைக்கலாமா?” என்பது போன்றதற்கு அது போதும். ‘சர்வே’யில் கேள்விகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும், நாம் மாற்ற முடியாது. இணைய வகுப்பில் கற்கும் சூழல் எப்படி இருந்தது என்று 24 வாக்கியங்களில் கேட்கும் கோலஸ் என்ற தொகுப்பு அதில்தான் இருந்தது. ஆய்வு செய்கிறவர்களுக்கு நல்ல கருவி. ஆனால் கொழுந்து பறித்துவிட்டு வந்து கைபேசியைத் திறக்கிறவரிடம் 24 வாக்கியங்களை நீட்டுவது நியாயமில்லை. தவிர, 5.0 பதிப்பிலிருந்து அது மூடிலோடு சேர்ந்து வருவதுமில்லை. மிச்சமிருப்பது ‘ஃபீட்பேக்’. கேள்விகளை நாமே எழுதலாம், வேண்டிய விதத்தில் அடுக்கலாம். தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சரி. இனி சொல்வதெல்லாம் இதைப் பற்றியே.

கேள்விக்கு முன்னால்

ஒரு கேள்வியை எழுதியதும் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இப்படி வந்தால் பாடத்தில் என்ன செய்வேன், அப்படி வந்தால் என்ன செய்வேன் என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். இரண்டு வரியும் ஒன்றாகவே இருந்தால் அந்தக் கேள்வி வேண்டாம். நான் பார்த்த படிவங்களில் பாதிக் கேள்விகள் இந்தச் சோதனையில் விழுந்துவிடும்.

கவாத்துப் பாடத்தை, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவது பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். “கவாத்துப் பாடம் பயனுள்ளதாக இருந்ததா? ஆம், இல்லை” என்று கேட்டால் எல்லாரும் ‘ஆம்’ என்பார்கள். மலைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். இலவசமாகச் சொல்லிக் கொடுத்தவரிடம் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல மனம் வராது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “கவாத்துப் பாடத்தில் சொன்னபடி உங்கள் தோட்டத்தில் செய்வீர்களா?” கீழே நான்கு விடைகள்:

இந்த ஆண்டே செய்யப்போகிறேன்.
செய்வேன், ஆனால் என் தோட்டத்துக்குக் கவாத்து முறை வர இன்னும் காலம் இருக்கிறது.
செய்ய ஆசைதான், கவாத்து செய்தால் சில மாதம் இலை வருமானம் போய்விடும்.
எந்த உயரத்தில் வெட்டுவது என்று புரியவில்லை.

இங்கே மரியாதைக் குறைவான விடை எதுவும் இல்லை. நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் யாரையும் குறை சொன்னதாகாது. அதோடு ஒவ்வொரு விடைக்கும் நம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. இரண்டாவது விடை நிறைய வந்தால், பாடம் முடிந்த பிறகும் அந்தக் காணொளியை மூடாமல் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது வந்தால், தோட்டத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பாகம் மட்டும் கவாத்து செய்வதைப் பற்றி ஒரு பாடம் சேர்க்க வேண்டும். நான்காவது வந்தால், செடிக்குப் பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி வைத்து மறுபடி படம் பிடிக்க வேண்டும்.

எப்போது கேட்பது என்பதும் இதோடு ஒட்டியதுதான். ஒரு செடிக்குக் கவாத்து நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவது. பாடம் முடிந்த மறுவாரம் “செய்து பார்த்தீர்களா?” என்று கேட்டால் பெரும்பாலோர் ‘இல்லை’ என்றுதான் சொல்ல முடியும், அதை வைத்துப் பாடம் எடுபடவில்லை என்று முடிவு கட்டினால் தப்பு. கொழுந்து பறிப்பு அப்படியில்லை. ஒரே செடிக்குப் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி கை வைப்பார்கள். ‘இரண்டு இலை ஒரு மொட்டு’ பாடத்தைப் பார்த்தவரிடம் மூன்று வாரம் கழித்து “முற்றல் இலை குறைந்ததா? தொழிற்சாலையில் இலையைப் பார்த்து ஏதாவது சொன்னார்களா?” என்று தாராளமாகக் கேட்கலாம். படிவத்தின் தேதியை முடிவு செய்ய வேண்டியது பாடத்தின் பொருள். சான்றிதழ் கொடுக்கும் நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் வழக்கம் இரண்டு படிவம். இரண்டாம் பாடம் முடிந்ததும் மூன்றே கேள்விகளோடு ஒன்று, கடைசியில் ஏழெட்டுக் கேள்விகளோடு ஒன்று. முதலாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டால், சொன்னவருக்கே அந்த மாற்றம் கிடைக்கும். கடைசியில் மட்டும் கேட்டால் அவர் சொன்னதன் பலன் அடுத்த குழுவுக்குத்தான் போகும்.

கேள்வி எழுதும்போது வரும் வழக்கமான பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். “காணொளியும் ஆசிரியரின் விளக்கமும் தெளிவாக இருந்தனவா?” என்பது இரண்டு கேள்வி, காணொளி தெளிவு, விளக்கம் தெளிவில்லை என்கிறவர் எதைத் தொடுவார்? “எங்கள் சிறப்பான பயிற்சி உங்களுக்கு எந்த அளவு உதவியது?” என்பதில் பதிலையும் நாமே சொல்லிவிட்டோம். அப்புறம், அளவுகோல் கேள்விகள். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அறிமுகப்படுத்திய ஐந்து படி முறைதான் இன்றும் எங்கும் புழங்குகிறது. 1 முதல் 5 வரை வெறும் எண்ணாகப் போட்டால், 1 நல்லதா 5 நல்லதா என்றே சிலர் குழம்புகிறார்கள், ‘முதல் ரேங்க்’ என்று நினைத்து 1ஐத் தொடுகிறவர்களும் உண்டு. எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு படிக்கும் சொல் கொடுங்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், பெரும்பாலும், எப்போதும்.

விடைகளின் இடைவெளியும் நம் ஆட்களுக்குப் பொருந்த வேண்டும். 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்பவரைத் தேயிலை வாரியம் சிறு விவசாயி என்கிறது. அதைப் பார்த்து “5 ஏக்கருக்குக் கீழ், 5 முதல் 15, 15 முதல் 25” என்று விடை வைத்தால், ஓரிரு ஏக்கர் வைத்திருக்கிற நம் ஆட்கள் அத்தனை பேரும் முதல் கட்டத்திலேயே விழுந்துவிடுவார்கள். அரை ஏக்கர், ஒன்று, இரண்டு என்று பிரித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எழுதிச் சொல்கிற கேள்வி ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. “எந்த இடத்தில் காணொளியை நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்த்தீர்கள்?” என்பது எனக்குப் பிடித்த கேள்வி; பதில் எப்போதும் குறிப்பாகவே வரும். தமிழில்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலும், குரல்வழித் தட்டச்சில் பிழையோடு வந்தாலும், நமக்கு வேண்டியது அவர் சொல்ல வருவது.

பெயர் கேட்பதா, வேண்டாமா?

நம் ஊர்களில் படிவம் வைக்கிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

மூடிலில் ஃபீட்பேக்கை உருவாக்கும்போதே ‘ரெக்கார்ட் யூசர் நேம்ஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கும். அனானிமஸ் என்று வைத்தால், பதில்கள் ஆசிரியருக்குப் பெயரில்லாமல் வரிசை எண்ணோடு மட்டும் தெரியும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் பெயரோடு தெரியும். முதல் பதில் வருவதற்குள் இதை முடிவு செய்துவிடுங்கள். பெயர் வராது என்று நம்பி ஒருவர் எழுதிய பிறகு அதைத் தொடவே கூடாது.

ஆனால் அனானிமஸ் என்று வைத்துவிட்டால் ஆள் தெரியாது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு குழுவில் பதினைந்து பேர். படிவத்தில் ஊர், வயது, ஆணா பெண்ணா, எத்தனை ஏக்கர் என்று நான்கு கேள்வி. ஒரு பதிலில் இப்படி வருகிறது: இன்ன ஹட்டி (படுகர் ஊர்), 60 வயதுக்கு மேல், பெண், அரை ஏக்கர். அந்த ஹட்டியிலிருந்து சேர்ந்த பெண்களே இரண்டு பேர், அதில் ஒருவர் கல்லூரி மாணவி. பெயர் எதற்கு? ஆசிரியரும் அதே பக்கத்துக்காரராக இருந்தால், அந்த அம்மா எழுதியதைப் படிக்கும்போதே முகம் தெரிந்துவிடும். அவருடைய இலை போகிற தொழிற்சாலை, அவர் இருக்கிற சுய உதவிக் குழு எல்லாமே நாலு மைலுக்குள். “கள அலுவலர் சொன்ன நாளில் வரவேயில்லை” என்று அவர் எழுதியிருந்தால், அதனால் அவருக்கு ஒரு சங்கடமும் வராது என்று நம்மால் உறுதி சொல்ல முடியுமா?

அதனால் ஊர், வயது, நில அளவு இவற்றில் எது இல்லாவிட்டால் முடிவே எடுக்க முடியாதோ அதை மட்டும் கேளுங்கள். ஊருக்குப் பதிலாக வட்டம் போதுமா? குன்னூர், கோத்தகிரி, உதகை, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு விடை போதும்போல் இருந்தால் ஊர்ப் பெயர் வேண்டாம். வயது தேவைப்பட்டால் இரண்டே பிரிவு. குழு சின்னதாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒருவர் ஒருமுறைதான் பதில் தரலாம் என்று தளம் பார்த்துக்கொள்வதற்கு, யார் அனுப்பிவிட்டார் என்ற குறிப்பு உள்ளே இருந்தே ஆக வேண்டும். படிவத்தை நிரப்பினால்தான் பாடம் முடிந்ததாகக் கணக்கு என்று வைத்தால், யார் நிரப்பினார், யார் நிரப்பவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். என்ன எழுதினார் என்பதுதான் பெயரோடு தெரியாது. “யாருக்கும் எதுவும் தெரியாது” என்று எழுதாமல், “நீங்கள் நிரப்பிவிட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும், எந்தப் பதில் உங்களுடையது என்று ஆசிரியருக்குக் காட்டப்படாது” என்று எழுதுங்கள். நம்மை நம்பித் தங்கள் மனத்தில் இருப்பதைச் சொல்கிறவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் முறை.

எல்லா நேரமும் பெயர் மறைப்பது நல்லது என்றும் சொல்லமாட்டேன். “நேரலை வகுப்பில் சேர முடியவில்லை, பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை” என்ற புகாருக்குப் பெயர் இல்லாவிட்டால் உதவவே முடியாது. ஆகவே இரண்டாம் பாடத்தின் குட்டிப் படிவத்தைப் பெயரோடு வைத்துத் தொழில்நுட்பச் சிக்கல்களை மட்டும் கேட்கிறேன். ஆசிரியரைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் கேட்பது கடைசிப் படிவத்தில், பெயரில்லாமல்.

திரையில் செய்ய வேண்டியவை

பாடப் பக்கத்தில் திருத்தும் நிலையை இயக்கி, புதிய செயல்பாடாக ஃபீட்பேக்கைச் சேர்த்து, பெயர் கொடுங்கள். ‘கருத்துப் படிவம் 1’ என்பதைவிட ‘கொழுந்து பறிப்புப் பாடம்: உங்கள் கருத்து (3 நிமிடம்)’ என்ற பெயரைப் பார்த்தால் திறக்கிறவர்கள் அதிகம். திறக்கும் தேதி, மூடும் தேதி, பெயர் அமைப்பு, முடித்ததும் காட்ட வேண்டிய நன்றி வரி எல்லாவற்றையும் அதே பக்கத்தில் வைக்கலாம். சேமித்த பிறகு கேள்விகளைச் சேர்க்கலாம்.

கேள்வி வகைகளில் நமக்கு வேண்டியவை மூன்றுதான்: தேர்வு விடை, எண் மதிப்போடு கூடிய தேர்வு விடை, நீண்ட எழுத்து விடை. எண் மதிப்புள்ளதில் ‘எப்போதும்’ என்பதற்கு 5 என்று உள்ளே வைத்தால் சராசரியைத் தளமே போட்டுவிடும். ஒற்றை விடைக் கேள்விகளில் ‘நாட் செலக்டட்’ என்று ஒரு விடை தானாகவே வந்து நிற்கும். அதை மறைக்கும் அமைப்பு கேள்வியிலேயே இருக்கிறது, மறைத்துவிடுங்கள். பலர் அதையும் ஒரு விடை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஒரு பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியைக் காட்டுவதும் முடியும். “காணொளி பாதியில் நின்றதா?” என்பதற்கு ‘ஆம்’ என்றவருக்கு மட்டும் “எந்த இடத்தில் இருந்து பார்த்தீர்கள்?” என்று கேட்கலாம். இதற்கு முதல் கேள்விக்கு ஒரு லேபிள் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் பக்க முறிவு வைத்து, இரண்டாவது கேள்வியில் அந்த லேபிளையும் எதிர்பார்க்கும் விடையையும் எழுத வேண்டும். விடை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ‘ஆம்’ என்று வைத்துவிட்டு இங்கே ‘ஆமாம்’ என்று எழுதினால் அந்தக் கேள்வி யாருக்கும் தெரியாது. தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு. எல்லாம் முடிந்ததும், மாணவர் கணக்கு ஒன்றில் நுழைந்து, கைபேசியிலேயே ஒருமுறை முழுதாக நிரப்பிப் பாருங்கள். கணினித் திரையில் அழகாகத் தெரிவது கைபேசியில் நீண்டு கிடக்கும்.

சிக்னலும் மழையும்

மூடில் செயலியில் படிவத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்பலாம், சிக்னல் வந்ததும் பதில் போய்ச் சேரும். நம் பள்ளத்தாக்குகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் படிவத்தில் கேப்ச்சா (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) வைத்தால் இந்த வசதி போய்விடும். உள்நுழைந்தவர்கள் மட்டுமே நிரப்பும் படிவத்துக்குக் கேப்ச்சா தேவையும் இல்லை.

தேதி குறிக்கும்போது வானத்தையும் பாருங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கனமழை. அந்த நாட்களில் மின்சாரம் போகும், மண் சரியும், டவர் வேலை செய்யாது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஐந்து நாள் கெடு வைத்தால் ஏதாவது ஒரு பக்கத்தின் குரல் வராமலே போகும். இரண்டு வாரம் திறந்து வையுங்கள்.

மூடில் இல்லாமல் கூகுள் ஃபார்ம்ஸில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற அமைப்பைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே கைபேசியில் பாடம் பார்க்கிற வீட்டில், அவர் நிரப்பியதும் அந்த அம்மாவுக்குப் படிவம் திறக்காது. கொழுந்து பறிக்கிறவர்களில் பெண்களே அதிகம் என்பதால், பறிப்புப் பாடத்தைப் பற்றி நமக்கு மிகவும் தேவையான பதில் அப்படியே போய்விடும். அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள். ஓரிரு பதில் இரட்டிப்பாக வந்தாலும் பரவாயில்லை.

பதில்களைப் படிப்பது

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். “காணொளி தடங்கலின்றி ஓடியதா?” என்ற கேள்விக்குச் சராசரி 3 என்று வந்தால், எல்லாருக்கும் சுமாராக ஓடியது என்றும் இருக்கலாம். பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 என்றும் இருக்கலாம். இரண்டாவது என்றால் சிக்னல் உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் உள்ள வித்தியாசம் அது, தீர்வு காணொளியின் அளவைக் குறைப்பது. தளத்தின் பகுப்பாய்வுப் பக்கத்தில் ஒவ்வொரு விடைக்கும் எத்தனை பேர் என்ற படம் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பதில்களை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். எழுத்து விடைகளை ஒரே மூச்சில் படித்து, ஒரே விஷயத்தைச் சொல்பவற்றுக்கு ஒரே நிறம் கொடுத்தால் போதும், இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

பதில் தந்தவர்கள் பெரும்பாலும் பாடத்தை முடித்தவர்கள். நடுவில் விட்டுப் போனவர்தான் நமக்குச் சொல்ல நிறைய வைத்திருப்பார், அவர் படிவம் வரைக்கும் வந்திருக்கவே மாட்டார். பெயரோடு வைத்த முதல் படிவத்தில், பதில் தராதவர்களின் பட்டியலை மூடிலே காட்டும். அதை எடுத்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். “ஏன் நிரப்பவில்லை?” என்று கேட்டால் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். “அக்கா, வீடியோ எந்த இடம் வரைக்கும் பார்த்தீங்க?” என்று கேளுங்கள், மற்றது தானாக வரும்.

படித்து முடித்ததும் பாடப் பக்கத்திலேயே பதில் எழுதுங்கள். “கவாத்து உயரம் புரியவில்லை என்றீர்கள், அளவுகோல் வைத்து மறுபடி படம் பிடித்து மூன்றாம் பாடத்தில் ஏற்றியிருக்கிறோம். இரவு வகுப்பு கேட்டீர்கள்; இந்தக் குழுவுக்கு அது முடியாது, பகல் வகுப்பின் பதிவை அன்று மாலையே ஏற்றிவிடுவோம்.” முடியாததையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். போன முறை எழுதியதை யாரோ படித்தார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த படிவத்தைத் திறப்பார்கள்.

கடைசியாக, கேள்விகளை டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த குழுவுக்கு அப்படியே எடுக்கலாம். யாரும் சரியாகப் பதில் தராத கேள்விகளை அப்போது மாற்றலாம். இரண்டு குழுக்களையும் ஒப்பிட நினைக்கிற கேள்விகளின் வாசகத்தையும் விடை வரிசையையும் மட்டும் எழுத்து மாறாமல் விட்டுவிடுங்கள்.